வீட்டுக்குப் பேசக் கூடாது

எனக்குக் கோபம் வரும் என்பது ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். கேபிள்காரர், தண்ணீர் லாரிக்காரர், என் வீட்டுக்காரர் எல்லோருமே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அதெல்லாம் வந்த வேகத்தில் போய்விடுகிற கோபம். செத்த நேரத்தில் நானே காப்பி போட்டுக் கொடுத்துவிடுவேன். இப்போது சொல்லப்போகிற கோபம் அப்படிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது, வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. எழுதினால் இறங்குமா என்று பார்க்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு நெஞ்சு நோய் கிளினிக்கில் நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். டோக்கன் கொடுப்பது, பில் போடுவது, கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது எல்லாம் என் தலையில்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது தெரிந்ததும் டாக்டர் ஒரு நாள், "நோயாளிங்க விவரத்தைப் பதிய நீயே ஒண்ணு செஞ்சிரேம்மா" என்றார். செய்தேன். டேட்டாபேஸ் என்றதும் பெரிதாக ஏதோ என்று மிரள வேண்டாம். உள்ளே விவரங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். அவற்றைப் போடவும் எடுக்கவும் திரையில் பெட்டி பெட்டியாக ஒரு முகப்பு வேண்டும். அதற்குப் பெயர்தான் ஃபார்ம். பேருக்கு ஒரு பெட்டி, வயசுக்கு ஒரு பெட்டி, போன் நம்பருக்கு ஒரு பெட்டி. எது முதலில் வரும், எது கட்டாயம், எதைக் காலியாக விடலாம் என்பதில்தான் மண்டை காயும்.

என் ஃபார்மில் முதல் பெட்டி ஊர். பேரு என்ன என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் நேராகப் பேரைச் சொல்ல மாட்டார்கள். "சோழபுரத்துல இருந்து வாரோம்" என்று ஆரம்பிப்பார்கள். பிறகு எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில்தான் பேருக்கு வருவார்கள். அவர்கள் சொல்கிற வரிசையிலேயே என் பெட்டிகளையும் வைத்தேன். எழுத்துகள் பெரிதாக இருக்கும், கட்டாயமான பெட்டிகள் மஞ்சளாக இருக்கும். டாக்டருக்குக் கண்ணாடி போட்டாலும் கண் அவ்வளவாகத் தெரியாது.

அதில் இன்னொரு பெட்டியும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நெஞ்சு டாக்டரைப் பார்க்க ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்துக்குப் போவார்கள். ரெண்டு ஊரிலும் டாக்டர் இருக்கிறார், மாத்திரையும் ஒன்றுதான். இருந்தாலும் எதிரும் புதிருமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆஸ்துமா, சளி என்றால் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்வார்கள். காசநோய் என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், பஸ் ஏறிவிடுவார்கள். வழியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் கோயிலுக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர அதைவிட நல்ல சாக்கு யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிசோதனைக் கூடத்திலிருந்து யாரோ ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்த மாமியாரிடமே மருமகளுக்குக் காசநோய் என்ற ரிசல்ட்டைச் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பிளவக்கல் பக்கம் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஃபார்மில் அந்தப் பெட்டியை வைத்தேன். அதற்கு நான் கொடுத்த பெயர், 'வீட்டுக்குப் பேசக் கூடாது'. அதில் டிக் போட்டால் போன் நம்பர் மறைந்துவிடும். அவசரம் என்று டாக்டரே வந்து தன் பாஸ்வேர்டைப் போட்டால்தான் தெரியும்.

அந்தப் பெட்டியில் டிக் போட்டவர்களில் ஒருத்திதான் சோழபுரத்துப் பெண். மில்லில் வேலை பார்க்கிறவள். சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வந்து, பஸ் மாறி எங்களிடம் வருவாள். முதல் நாள் நம்பர் கேட்டபோது, "கட்டாயமாக்கா?" என்று கேட்டாள். கட்டாயம்தான், டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அண்ணன் கையில். நான் மானிட்டரை அவள் பக்கம் திருப்பி, அந்தப் பெட்டியைக் காட்டினேன். "இதுல டிக் போட்டா யாரும் பேச மாட்டோம்." அவள் படித்துப் பார்த்தாள். "நானே போடட்டுமா?" என்று கேட்டு, மவுஸை வாங்கி அவளே டிக் போட்டாள். அதற்குப் பிறகு மாதாமாதம் வந்தாள். மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, நிச்சயம் ஆகியிருப்பதையும் என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தென்காசிப் பக்கம். "இனிமே ஒரே ஒரு செக்கப்தானக்கா, அதோட முடிஞ்சிரும்ல?" என்று கேட்டாள். முடிந்துவிடும் என்றேன்.

நான் இந்த ஃபார்ம் வேலையைப் படித்தது கல்லூரியில் இல்லை. எங்களைப் போல டேட்டாபேஸ் ஃபார்ம் செய்கிறவர்கள் கூடுகிற ஒரு குழு இன்டர்நெட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூடுவார்கள். ஒருவர் தன் திரையைக் காட்டி விளக்குவார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கர்சர் எப்படித் தாவ வேண்டும் என்பதிலிருந்து எல்லாமே அங்கேதான் கற்றுக்கொண்டேன். நான் பேசியதில்லை. கேமராவை அணைத்துவிட்டு நோட் எடுப்பேன். அந்தக் கூட்டத்தின் மீது எனக்கு மரியாதை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் கோபத்தில் பாதி புரியாது.

அந்தக் குழுவில் பெரிய கை ஒருவர். சென்னையில் சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் சொல்வார்கள். எங்கள் கிளினிக்கின் மேனேஜர் டாக்டரின் மச்சினர், நாங்கள் அண்ணாச்சி என்போம். இந்த இரண்டு பேருக்கும் எப்படியோ பழக்கமாகி, எங்களுக்குப் புது சாஃப்ட்வேர் வாங்குவது என்று பேச்சு ஓடியது. ஒரு நாள் அண்ணாச்சி என்னிடம் வந்து, "ஏம்மா, உன் ஃபார்மை அந்த சார் அடுத்த கூட்டத்துல காட்டப் போறாராம். ஒரு காப்பி குடு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, மறைப்பானேன். நோயாளிகளின் விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் ஃபார்மில் நானே பொய்யாகச் சில பேரைப் போட்டுக் கொடுத்தேன். கத்தரிக்காய், வயது நாற்பது, ஊர் சந்தை. வெண்டைக்காய், வயது இருபத்தைந்து, வேலை சாம்பார். அதைப் பார்த்தால் கூட்டத்தில் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, வீட்டுக்காரரையும் பிடித்து உட்கார வைத்தேன். அவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளைப் பார்த்துக்கொள்கிறார், இதெல்லாம் அவருக்குப் புரியாது. ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சார் திரையைக் காட்டினார். மேலே பெரிதாக, 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று இருந்தது. அதற்குக் கீழே என் ஃபார்ம்.

"பாருங்க, முதல் பெட்டியே ஊர். இது பேஷன்ட் ரெஜிஸ்ட்ரேஷனா, பஸ் டிக்கெட்டா?" என்றார். திரையின் ஓரத்தில் சிரிக்கிற பொம்மைகள் மிதந்து மேலே போயின. "கலர் பாருங்க. கல்யாண மண்டபத்துல சீரியல் செட் போட்ட மாதிரி." மறுபடியும் பொம்மைகள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது சுட்டது.

"இதுதாங்க ஹைலைட்" என்று அவர் அந்தப் பெட்டியைப் பெரிதாக்கினார். "வீட்டுக்குப் பேசக் கூடாதாம். பேசக் கூடாதுன்னா நம்பரை எதுக்குங்க வாங்குறீங்க? ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

இதுவரைக்கும் என்றால் என் கோபம் வழக்கமான கோபம்தான். ரெண்டு நாள் பாத்திரத்தை உருட்டியிருப்பேன், அத்தோடு போயிருக்கும். என் வேலையைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் செத்தா போய்விடுவேன்? அடுத்து அவர், "இப்ப நான் திருத்தினதைப் பாருங்க" என்றார். வெள்ளை வெளேர் என்று ஒரு ஃபார்ம் வந்தது. பேர் முதலில் இருந்தது. மஞ்சள் இல்லை. அந்தப் பெட்டியும் இல்லை. அதில் வரிசையாகப் பேர்கள் ஓடின. கத்தரிக்காயைத் தேடினேன், காணவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த பேர்கள். என் கையால் நானே டோக்கன் கொடுத்த பேர்கள். பேர், அப்பா பேர், ஊர், நோய், நம்பர்.

"இது டம்மி இல்லைங்க, நிஜ கிளினிக், நிஜ டேட்டா. அப்பதான் ஒரு ஃபீல் இருக்கும். பேரை மட்டும் யாரும் பார்க்காதீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நிறுத்துங்க" என்று கத்தினேன். என் மைக்கைக் கூட்டம் நடத்துகிறவர் அடைத்து வைத்திருந்தார், அதை என்னால் திறக்க முடியாது. வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். கையைத் தூக்குகிற பொத்தானை அழுத்தினேன். 'இது நிஜ நோயாளிகள், உடனே நிறுத்துங்கள்' என்று சாட்டில் அடித்தேன். 'சிஸ்டர், கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம், ப்ளீஸ்' என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு கும்பிடு பொம்மை.

சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "செக்கப் தேதி வந்தவங்களுக்கு இனிமே போன் பண்ணவே வேண்டாம். இந்த ஒரு பட்டன், மெசேஜ் தானாப் போயிரும். லைவா ஒண்ணு அனுப்பிக் காட்டுறேன்." மேலே இருந்து ஒரு பேரைத் தொட்டார். ஊர் சோழபுரம். பட்டனை அமுக்கினார். அனுப்பப்போகிற வாசகம் திரையில் வந்தது. பேர் சொல்லி வணக்கம். உங்கள் காசநோய் சிகிச்சைக்கான மறுபரிசோதனை நாளை, தவறாமல் வரவும். கீழே கிளினிக்கின் பேர். செத்த நேரத்தில் மெசேஜ் போய்ச் சேர்ந்துவிட்டதாக டிக் விழுந்தது. மிதக்கிற பொம்மைகளில் இந்த முறை கை தட்டுகிறவை நிறைய இருந்தன.

நான் சாட்டில் அடுத்து என்ன அடித்தேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. கூட்டத்திலிருந்து என்னை வெளியே எடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "நிஜ விவரத்தை எதுக்குக் குடுத்தீக? நான்தான் வேற காப்பி குடுத்தேன்ல?"

"கத்தரிக்கா வெண்டைக்கான்னு போட்டு வச்சிருந்தே. அவரு என்ன சாம்பாரா வைக்கப் போறாரு? அதான் முழுசையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தேன்."

"அந்தப் பிள்ளை வீட்டுக்கு மெசேஜ் போயிருச்சு அண்ணாச்சி."

"ஒரே ஒரு மெசேஜ்தானம்மா. டெமோன்னா சும்மா காட்டுவாக, போயிருக்கவே போயிருக்காது. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா டென்ஷன் ஆகாத."

போனை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். சோழபுரம் அப்படியொன்றும் தூரமில்லை. போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நான் போய் நின்றாலே காட்டிக் கொடுத்ததாகத்தானே ஆகும்? போகாமல் இருந்தால்? அண்ணன் வெளியே போயிருக்கலாம், போன் சார்ஜில் கிடக்கலாம், அவளே எடுத்துப் பார்த்து அழித்திருக்கலாம். அப்படி இருந்தால் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்தப் பெண்ணின் அப்பா பேரைச் சொல்லி டீக்கடையில் விசாரித்தோம், வழி சொன்னார்கள். அந்தப் பேர் எனக்கு எப்படித் தெரியும் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

வீட்டு முன்னால் அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தான். போன் கையில் இருந்தது. அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் உள்ளே, கதவோரம். என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆயிற்று என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

"கிளினிக்ல இருந்து வாரேன். உங்க போனுக்கு ஒரு மெசேஜ் தப்பா வந்துருச்சு. வேற ஆளுக்குப் போக வேண்டியது" என்றேன். பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்றைக்குக் கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னேன்.

"வேற ஆளுக்குன்னா இவ பேரு எப்படி இருக்கு?" என்றான் அண்ணன்.

"கம்ப்யூட்டர் குழப்பிருச்சு."

"தப்பா வந்த மெசேஜுக்கு ஞாயித்துக்கிழமை வீடு தேடி ஆளு வருமா?"

அவன் கெட்டவன் இல்லை. கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது அந்தப் பெண் வெளியே வந்தாள்.

"விடுங்கக்கா, எனக்காகப் பொய் சொல்லாதீக" என்றாள். அண்ணனைப் பார்த்து, "எனக்கு வந்த மெசேஜ்தான். டிபி இருந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை தின்னேன். இப்ப இல்ல. போயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாக" என்றாள்.

"ஏட்டி, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது" என்றாள் அம்மா.

"கேக்கட்டும்."

"மாப்ள வீட்டுக்கு என்ன சொல்ல? அவிய கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றான் அண்ணன்.

"உள்ளதைச் சொல்லு. நீ சொல்லலன்னா நானே சொல்லுதேன்."

குரல் திடமாக இருந்தது. அம்மா என்னிடம் திரும்பி, "நல்லா இருப்பீகளா?" என்று கேட்டாள். நான் அனுப்பவில்லை, அந்த மெசேஜ் போகக் கூடாது என்று ஒரு பெட்டியே வைத்திருந்தேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன? வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். கறிக்குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து, ஜாதகத்தை மறுபடி பார்த்தோம், பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிச்சயத்துக்கு வாங்கிய சேலையையும் பொறவு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். இதை அவளே, சொன்ன தேதிக்கு வராமல் சில வாரம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது சொன்னாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விஷயத்தைக் கேட்ட எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். தைரியமான பிள்ளை, இப்படித்தான் இருக்கணும் என்றார் டாக்டர். இந்த நோயை மறைக்கிறதாலதான் பிரச்சினையே என்றார். உண்மை முன்னாடியே தெரிந்தது நல்லதுக்குத்தான், கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார் அண்ணாச்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தைரியசாலிதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தைரியத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலைகூடச் சீவாமல், வாசலில் நின்று காட்ட வேண்டும் என்று அவளா கேட்டாள்? சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் அவளே ஒரு நாள் சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருக்கலாம். நோயே போன பிறகு அது அவள் இஷ்டம். அந்த இஷ்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, கையில் பாராட்டைக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

கூட்டத்தின் ரெக்கார்டிங்கை எடுத்துவிடச் சொல்லிக் குழுவுக்கு எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதிய பிறகு எடுத்தார்கள். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கூடவே, நிகழ்ச்சி எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டு ஒரு ஃபார்ம். அதை நிரப்பாமல் மூடினேன்.

புது சாஃப்ட்வேரை அண்ணாச்சி வாங்கியே விட்டார். எங்களுக்குப் பழக்கிக் கொடுக்க அந்த சாரே நேரில் வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக, மரியாதையாக இருந்தார். வழியில் வாங்கிய பால்கோவாவை எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடம் வந்து, "நீங்கதானா மேடம் அந்தப் பழைய ஃபார்மைப் பண்ணினது? சாரி மேடம், அன்னைக்குக் கொஞ்சம் கிண்டல் பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

கிண்டலுக்கு சாரி. அவருக்கு வேறெதுவும் தெரியாது. அண்ணாச்சி சொல்லவே இல்லை. நான் சொன்னேன். சோழபுரம், அண்ணன், அம்மா, ஜாதகம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடத்தான் செய்தது. "ஐயையோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா மேடம், ஒரு வகையில பார்த்தா நல்லதுதானே? என்னைக்கா இருந்தாலும் சொல்ல வேண்டிய விஷயம்தானே?" என்றார்.

எனக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. "சரி சார், ஃபார்மைச் சொல்லிக் குடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "ஒரு புது நோயாளியைப் போட்டுக் காட்டுங்க. உங்க பேரையே போடுங்க."

சிரித்துக்கொண்டே போட்டார். ஊர் காரைக்குடி. அப்பா பேர் போட்டார். "நம்பருக்கு அப்பா நம்பரே இருக்கட்டும், எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் குடுப்பாக" என்றேன். போட்டார். நோய் என்ற பெட்டியில் பட்டியல் விழுந்தது. "காசநோய்" என்றேன்.

கை கொஞ்சம் நின்றது. தேர்ந்தெடுத்தார்.

"இப்ப மெசேஜ் பட்டனை அமுக்குங்க."

"மேடம், இது லைவ். நிஜமாவே போயிரும்."

"ஒரே ஒரு மெசேஜ்தான சார்."

"இல்ல மேடம், அப்பாவுக்கு ஏற்கெனவே ஹார்ட் பிராப்ளம். பயந்துருவார்."

"பொய்தான? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. பொறவு போன் போட்டுச் சொல்லிக்கிடலாம்."

"இல்லைங்க. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பக்கத்து வீட்டுல குடுத்துத்தான் மெசேஜைப் படிக்கச் சொல்வார். தெருவுக்கே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, போதும்மா" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து.

"இதை அமுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. இல்லன்னா அந்தப் பெட்டியைத் திரும்ப வச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன்.

அன்றைக்கு மாலை பஸ்ஸுக்கு நான் கிளம்புவதற்குள் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். பெயரும் நான் கொடுத்த பெயரேதான். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் அவர் வேறொன்று செய்தார். அப்பாவின் நம்பரை அழித்தார், அப்பாவின் பேரை அழித்தார், தன் பேர் இருந்த வரியையே எடுத்தார். எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மறுபடி தேடிப் பார்த்தார். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டு, திரும்பவும் தேடினார். அதை எவ்வளவு கவனமாகச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.